சரியான விடைக்குப் பூஜ்யம் ஏன்?

கேள்வி: மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில், '2(எக்ஸ்+3) என்பதை விரித்தெழுதுக' என்று கேட்டிருந்தேன். 6+2எக்ஸ் என்று எழுதிய மாணவிக்குப் பூஜ்யம் விழுந்துவிட்டது. ஏன்?
– கல்லூரி ஆசிரியை, காரைக்குடி

பதில்: கேள்வியைக் 'குறுவிடை' வகையில் போட்டிருப்பீர்கள். அதற்குக் கணக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த 2எக்ஸ்+6 என்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும், அவ்வளவுதான். முதலில் அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த தேர்வுக்கு 'ஸ்டாக்' கேள்வி வகைக்கு மாறுங்கள். இலவசம்தான். ஆனால் அதன் பின்னால் மேக்சிமா என்ற இயற்கணித மென்பொருள் ஓட வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டையும் நிறுவச் சொல்லுங்கள். 'ஆல்ஜ்ஈக்விவ்' சோதனை, மாணவர் விடையும் உங்கள் விடையும் இயற்கணிதப்படி சமமா என்று பார்க்கும். 6+2எக்ஸ் தேறிவிடும். ஆனால் கேள்வியையே திருப்பி எழுதிய 2(எக்ஸ்+3)-உம் தேறிவிடும்! அதனால் அடுத்த கணுவில், அதாவது அடுத்த சோதனைப் படியில், விடை விரித்தெழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் 'எக்ஸ்பேண்டட்' சோதனையையும் வையுங்கள்.

சோதனையில் தேறாத விடைகள் போகும் கிளையை அப்படியே விட்டுவிடாதீர்கள். 2எக்ஸ்+3 என்று எழுதியவர், 3-ஐ 2-ஆல் பெருக்க மறந்தவர். அந்த விடையை அங்கே தனியாகச் சோதித்து, 'அடைப்புக்குள் இருக்கும் இரண்டாவது உறுப்பைப் பெருக்கினீர்களா?' என்று காட்டுங்கள். ஸ்டாக்கின் அருமையே இந்தக் கிளைதான்.

மாணவர்கள் 2*எக்ஸ் என்று பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி போட மறப்பார்கள். உள்ளீட்டு அமைப்பில் 'நட்சத்திரம் சேர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தானே சேர்த்துக்கொள்ளும். தேர்ந்தெடுக்காவிட்டாலும் 'செல்லாத உள்ளீடு' என்றுதான் சொல்லும், மதிப்பெண் குறையாது.

கேள்வி: ஸ்டாக்கில் ஆளுக்கொரு இருபடிச் சமன்பாடு கொடுத்தேன். சிலருக்கு எக்ஸ் வர்க்கமே காணோம்!
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: எக்ஸ் வர்க்கத்தின் குணகத்துக்கு, தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் 'ரேண்ட்(5)' கட்டளையைப் போட்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அது தருவது 1 முதல் 5 அல்ல, 0 முதல் 4. சராசரியாக ஐந்தில் ஒருவருக்கு 0 விழும். வர்க்க உறுப்பு மறைந்துவிடும். 1+ரேண்ட்(5) என்று மாற்றுங்கள். கேள்விக் குறிப்பில் அந்த எண்களை எழுதி, பத்து மாறுபாடுகளை முன்கூட்டியே உருவாக்கி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே தேர்வில் சேருங்கள்.

கேள்வி: சூத்திரம் $ குறிகளோடு அப்படியே திரையில் தெரிகிறது.
– பயிற்சி மைய ஆசிரியர், சேலம்

பதில்: திரையில் சூத்திரங்களை வரைந்து காட்டும் மேத்ஜாக்ஸ் மென்பொருள் இயல்பாக ஒற்றை $ குறியைச் சூத்திர எல்லையாக எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொண்டால், '$50 முதல் $80 வரை' என்று விலை எழுதும்போது நடுவிலுள்ளதெல்லாம் சூத்திரமாகிவிடுமே! வரிக்குள் வருவதை \( \) இடையிலும், தனி வரியில் வருவதை $$ $$ இடையிலும் எழுதுங்கள். < குறிக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள். எழுத்தோடு ஒட்டினால் பிரவுசர் அதை எச்டிஎம்எல் குறியீடு என்று நினைத்துப் பின்னால் வருவதை விழுங்கிவிடும்.