ஒரு முறை கேட்டால் போதுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் பாரசிட்டமால் என்று பெரிய டாக்டர் எழுதியிருந்தார். "சார், இது சரிதானா?" என்று கேட்டேன். "எழுதினதைக் கொடும்மா" என்றார். பேசாமல் வந்துவிட்டேன். நல்லவேளை, மருந்து கொடுப்பதற்குள் சீனியர் சிஸ்டர் பார்த்துவிட்டு, டாக்டரிடம் பேசி அளவை மாற்றச் செய்தார். வீட்டிலோ, "பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே, வேலை போயிடும்" என்கிறார்கள். நான் கேட்டது தப்பா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, கேட்டது தப்பே இல்லை. ஒரு முறை கேட்டு நிறுத்திக்கொண்டீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம். எங்கும் மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். கிளம்ப அனுமதி வரும் முன்பே விமானத்தை ஓடுபாதையில் வேகமெடுக்க விட்டார். எதிரே, அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் அதன் பேச்சைக் கேட்ட ஃப்ளைட் இன்ஜினியருக்கு மனதில் உறுத்தியது. "பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். இன்ஜினியர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள்.

அந்த இன்ஜினியரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு பெரிய அனுபவசாலி உறுதியாகச் சொல்லும்போது, நம் காதில்தான் ஏதோ தப்பாக விழுந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். உங்களுக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும். அதற்குப் பிறகுதான், கேப்டனையே தடுத்துப் பேச மற்றவர்களுக்கும், அதைக் காதில் வாங்கிக்கொள்ளக் கேப்டன்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விமானத் துறை முனைப்பாக இறங்கியது. அந்த வழியை மருத்துவமனைகள் பலவும் எடுத்துக்கொண்டன.

"சரிதானா?" என்று கேட்டால், "சரிதான்" என்று சொல்வது யாருக்கும் சுலபம். அடுத்த முறை கணக்கோடு போங்கள். "சார், குழந்தை 10 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150 வருகிறது. 500 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்." குரலில் மரியாதை இருக்கட்டும், எண்ணில் தயக்கம் வேண்டாம். காதில் வாங்கவில்லையா, இன்னொரு முறை சொல்லுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் மருந்தைக் கையில் எடுக்காமல் வார்டு இன்சார்ஜிடம் போங்கள். நடந்ததைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதிவையுங்கள்.

வேலை போய்விடுமோ என்ற உங்கள் வீட்டாரின் பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாக நின்று மோதாமல், இன்சார்ஜையும் கூட வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்புறம், அந்த சீனியர் சிஸ்டர் அன்று டாக்டரிடம் என்ன சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்று கேட்டீர்களா? நாளை டீ குடிக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.