அம்மாவின் வீட்டை விற்பதற்கு முன்

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. தந்தை காலமான பிறகு புக்கிட் பாத்தோக்கில் தம் பெயரில் உள்ள மூவறை வீட்டில் தனியாக வசிக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இதற்கு மேல் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் தினமும் காலையில் உட்லண்ட்ஸிலிருந்து சென்று, படுக்கையிலிருந்து எழக் கைகொடுத்து, குளிக்கவைத்து, உடைமாற்றிவிட்டு வேலைக்குப் போகிறேன். சாப்பாட்டை அவரே எடுத்துச் சாப்பிடுவார். தனியார் முதியோர் குடியிருப்பு ஒன்றில் மாதம் 4,600 வெள்ளி கேட்கிறார்கள். வீட்டை விற்று அங்கே சேர்த்துவிடலாம் என்கிறார் பெர்த்தில் இருக்கும் என் அண்ணன். முகவர் 385,000 வெள்ளி கிடைக்கும் என்கிறார். விற்கலாமா?

பதில்: இப்போது விற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் அண்ணனின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அவருடைய கணக்கில் காலம் விடுபட்டிருக்கிறது. முகவர் தரகும் மற்றச் செலவுகளும் போக 375,000 வெள்ளி கையில் நிற்பதாக வைத்துக்கொண்டாலும், மாதம் 4,600 வீதம் அது ஆறு ஆண்டு ஒன்பது மாதங்களில் தீர்ந்துவிடும். அதுவும் கட்டணம் ஒரு வெள்ளிகூட உயராது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அப்போது உங்கள் தாயாருக்கு 85 வயதாகும். இன்றைவிட அதிகப் பராமரிப்பு தேவைப்படும். திரும்பிப் போக வீடும் இராது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு சொற்றொடர்தான் என்னை நிறுத்தியது. “படுக்கையிலிருந்து எழக் கைகொடுத்து” என்கிறீர்கள். சிங்கப்பூரில் நீண்டகாலப் பராமரிப்புக்கான உதவிகளில் பெரும்பாலானவை ஆறு அன்றாடச் செயல்களை வைத்தே முடிவாகின்றன: குளித்தல், உடையணிதல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். இவற்றில் மூன்றுக்குப் பிறர் துணை தேவை என்று மதிப்பீட்டில் உறுதியானால்தான் முக்கியமான கதவுகள் திறக்கும். குளிப்பதையும் உடுத்துவதையும் நீங்கள் உதவியாக எண்ணியிருக்கிறீர்கள். எழுந்திருக்கக் கைகொடுப்பதை மகளின் கடமையாக எண்ணிக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். அதுதான் மூன்றாவது. மதிப்பீட்டுக்குச் செல்லும் நாளில் அதை மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் தாயாரும் மருத்துவர் முன்னால் “எல்லாம் நானே செய்துகொள்வேன்” என்று சொல்லக்கூடும். நம் வீட்டுப் பெரியவர்களின் இயல்பு அது. ஆகவே நீங்கள் உடனிருப்பது அவசியம்.

மதிப்பீடு சாதகமாக அமைந்தால் முதலில் எல்டர்ஷீல்ட் என்ற உடற்குறைக் காப்புறுதித் திட்டத்தைப் பாருங்கள். 2002ல் அது தொடங்கியபோது 40 முதல் 69 வயதுக்குட்பட்டவர்கள் தாமாக விலகிக்கொண்டாலன்றி அதில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் தாயார் அந்த வயது வரம்புக்குள் இருந்தவர். அன்றைய திட்டம் மாதம் 300 வெள்ளி வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு, மொத்தம் 18,000 வெள்ளி கொடுக்கும். என் மாமியார் நோயுற்றபோது, தமக்கு அப்படி எந்தக் காப்புறுதியும் இல்லை என்றே அவர் உறுதியாகச் சொன்னார். பழைய பிஸ்கட் டின்னில், என் மாமனாரின் கடவுச்சீட்டுக்கு அடியில், நான்காக மடித்த கடிதமாக அது கிடைத்தது. உங்களுக்கு டின்னைத் தேடும் வேலைகூட இல்லை. 2021 நவம்பரில் அரசாங்கமே அத்திட்டத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டதால், அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளமாகிய தாயாரின் சிங்பாஸ் மூலம் பார்த்துவிடலாம். இதற்கான முதல் மதிப்பீட்டுக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்தது இல்லப் பராமரிப்பு மானியம். 2026 ஏப்ரலிலிருந்து இதன் உச்சத் தொகை மாதம் 400 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாகிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து தொகை மாறும். தாதிமை இல்லத்தில் தங்கியிருப்பவர்களுக்கு இது கிடையாது என்பதைக் கவனியுங்கள். 1949ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கு உடற்குறை உதவியாக மாதம் 100 வெள்ளி தனியாக உண்டு. உங்கள் தாயார் அத்தலைமுறையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும், அவருடைய அட்டையைப் பாருங்கள். மூன்றும் முழுமையாகக் கிடைத்தால் மாதம் 1,000 வெள்ளி.

இந்தத் தொகையை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் செலவோடு ஒப்பிடுங்கள். பணிப்பெண்ணுக்குச் சம்பளம் 750 வெள்ளி, பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் சலுகைத் தீர்வை 60 வெள்ளி, உணவு, காப்புறுதி, இதர செலவுகளுக்கு 350 என்று வைத்தால் 1,160 வெள்ளி ஆகிறது. நீங்கள் வேறு முகவரியில் வசிப்பதால் சிக்கல் வருமோ என்று அஞ்ச வேண்டாம். 60 வயதுக்கு மேற்பட்ட, வருமானமில்லாத பெற்றோர் தாமே முதலாளியாகப் பணிப்பெண்ணை அமர்த்தவும் பிள்ளைகள் அதற்குப் பொறுப்பேற்கவும் மனிதவள அமைச்சு வழி வைத்திருக்கிறது.

பணிப்பெண் வருவதற்குள் குளியலறையைச் சரிசெய்யுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) நடத்தும் ஈஸ் திட்டத்தின்கீழ் கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரைப் பூச்சு, சாய்தளம் ஆகியவற்றை மிகப் பெரிய மானியத்தில் அமைத்துத் தருகிறார்கள். உங்கள் தாயார் விழுந்த இடத்தில் இன்றுவரை ஒரு கம்பி இல்லை என்றால், மற்ற எல்லாக் கணக்கையும் தள்ளிவைத்துவிட்டு இந்த வாரமே அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.

வீட்டிலிருந்து பணம் எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், குடியிருந்துகொண்டே குத்தகையின் பின்பகுதியை வீவகவுக்கு விற்கும் திட்டம் இருக்கிறது. 75 முதல் 79 வயதுக்குட்பட்டவர் குறைந்தது 20 ஆண்டு குத்தகையைத் தமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். விற்ற தொகை மத்திய சேம நிதி ஓய்வுக்காலக் கணக்கில் சேர்ந்து மாத வருமானமாக வரும். மூவறை வீட்டுக்கு 30,000 வெள்ளி வரை போனசும் உண்டு. ஆனால் அதன்பிறகு வீட்டைப் பொதுச் சந்தையில் விற்க முடியாது. இதற்கு உங்கள் அண்ணனின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்; பிற்பாடு மனக்கசப்பு வேண்டாம்.

வேறு இடத்தில், துணையோடு வாழத்தான் தாயாருக்கே விருப்பம் என்றால், 65 வயதானவர்களுக்கான சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளை நினைவில் வையுங்கள். அவற்றில் முதலாவது 2021ல் விற்பனைக்கு வந்தது உங்கள் தாயார் இருக்கும் புக்கிட் பாத்தோக்கில்தான். குத்தகை 95 வயது வரையாவது நீடிக்க வேண்டும் என்பதாலும் ஐந்தைந்து ஆண்டுகளாகவே கிடைக்கும் என்பதாலும், அவர் 20 ஆண்டுக் குத்தகை எடுக்க நேரிடும். இருபத்து நான்கு மணி நேர அவசர உதவி உள்ளிட்ட அடிப்படைச் சேவைத் தொகுப்பையும் கட்டாயமாக வாங்க வேண்டும். ஓர் அன்றாடச் செயலுக்காவது நிரந்தரமாக உதவி தேவைப்படுவோருக்கு முன்னுரிமை உண்டு. எப்போதும் விற்பனையில் இருப்பதில்லை என்பது மட்டுமே குறை.

இரவில் இருமுறை மூன்றுமுறை தூக்கி எழுப்ப வேண்டிய காலம் வந்தால் தாதிமை இல்லத்தைப் பற்றி யோசிப்பதில் தவறில்லை. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் வருமானத்திற்கேற்ற மானியம் கிடைக்கும். யீஷூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லத்தையும் சென்று பாருங்கள்; சாப்பாட்டு வேளையில் போனால் அங்கே எந்த மொழி காதில் விழுகிறது, தட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

இவற்றோடு, தாயார் தெளிவாகப் பேசி முடிவெடுக்கும் இந்தக் காலத்திலேயே அவர் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை எழுதி முடியுங்கள். மனத்திறன் போனபின் அதை எழுத முடியாது. அவர் பணத்தை அவருக்கே செலவிட நீங்கள் நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கும். அண்ணன் அடுத்து விடுமுறைக்கு வரும்போது மூவரும் அம்மாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசுங்கள், வீட்டைப் பற்றிய முதல் வார்த்தையை அம்மா பேசட்டும்.