ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் போகிறோம். ஞாயிறு, திங்கள் மட்டும்தான் கையில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

முதலில் கிழமையைக் கவனியுங்கள். திங்களன்று உஃபீஸி அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவுக்கும் அன்றுதான் விடுமுறை. இது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தேதியை மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த ஓவியங்கள் அருங்காட்சியகங்களில் இல்லை. எந்தச் சுவருக்காக வரைந்தார்களோ அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. திங்களை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கே டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து ஊரின் நடுப்பகுதிக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிறு மதியத்துக்கு உஃபீஸியில் நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அனுமதி இலவசம். வரிசை நீளமாக இருக்கும், அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம். உள்ளே லிஃப்ட் உண்டு. எல்லா அறைகளையும் பார்க்க நினைக்காதீர்கள். போத்திசெல்லியின் ஓவியங்கள் உள்ள அறைகளில் நிதானமாக உட்காருங்கள், லியொனார்தோவின் 'மங்கள வார்த்தை' ஓவியத்தைப் பாருங்கள், கரவாஜோவின் மெதூசாவைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பக்கத்திலேயே சிஞ்ஞோரியா சதுக்கம். தாவீதை 1504இல் நிறுத்திய இடம் இதுதான். 1873இல் மூலச் சிலையை அக்காதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது நிற்பது 1910இல் வைத்த நகல். ஞாயிறன்று இன்னொரு வரிசையில் நிற்க அம்மாவுக்குத் தெம்பில்லை என்றால் இந்த நகலே போதும் என்பேன். இதற்காக என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள்.

திங்கள் காலை ஆர்னோ ஆற்றைக் கடந்து கார்மினே தேவாலயத்தில் உள்ள பிரான்காச்சி சிற்றாலயத்துக்குப் போங்கள். இரண்டு நாளில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன். 1420களில் மசாச்சோ வரைந்த சுவரோவியங்கள் இங்கே இருக்கின்றன. இருபத்தேழு வயதைத் தாண்டும் முன்பே அவர் இறந்துவிட்டார். பாதியில் நின்ற வேலையைப் பல ஆண்டுகள் கழித்து ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார். படங்களில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலைப் பாருங்கள். அந்த ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சமாகவே மசாச்சோ அதைத் தீட்டியிருக்கிறார். இதே படத்தைப் பெயர்த்து வேறொரு அறையில் மாட்டியிருந்தால் இது புரியாது. ஏதேனிலிருந்து துரத்தப்படும் ஏவாள் வாய் பிளந்து அழுகிற முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நேரில் பாருங்கள். சிறு குழுக்களாக, குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்கள்; முன்பதிவு அவசியம். செவ்வாயன்று விடுமுறை என்பதால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

மதியம் சாந்தா குரோசே தேவாலயம். ஜோத்தோவின் சுவரோவியங்கள் உள்ள இரண்டு சிற்றாலயங்கள், மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கவிஞர் தாந்தேவுக்கும் பெரிய நினைவுச்சின்னம் உண்டு, ஆனால் உள்ளே காலி. நாடு கடத்திய ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. உடல் ராவென்னாவில் இருக்கிறது. 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் பெரிதும் சிதைந்த ஓவியர் சிமாபுவே வரைந்த சிலுவையையும் தேடிப் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து போங்கள்.

ஊரின் பேராலயத்துக்கு மேலே புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்தில் ஏறுவதை விட்டுவிடுங்கள். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே அதன் பிரம்மாண்டம் தெரியும். மாலையில் 12ஆம் எண் பேருந்தில் மைக்கேலாஞ்சலோ திடலுக்குப் போனால் ஊர் முழுவதும் காலடியில் தெரியும், அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம்.

சைவம் என்றால் ரிபொல்லித்தா கேளுங்கள்: ரொட்டி, பீன்ஸ், கீரை போட்டு வேகவைத்த கெட்டியான சூப். இறைச்சி சேர்ப்பார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ரொட்டியில் உப்பு இருக்காது, அந்த ஊர் ரொட்டியே அப்படித்தான். ரசீதில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்குச் சில யூரோ சேர்ந்திருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், அது அமர்ந்து சாப்பிடுவதற்கான வழக்கமான கட்டணம்.