விண்வெளிக்குப் பீரங்கியிலும் கவணிலும் போக முயல்வது வீண்வேலையா?

ராக்கெட் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்படியிருக்கப் பீரங்கி, சுழற்றி எறியும் எந்திரம், விண்வெளி லிஃப்ட் என்று கரடுமுரடான வழிகளில் பணத்தைக் கொட்டுவது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தகும் என்பதே என் பதில். ஆனால் எல்லா வழிகளுக்கும் அல்ல.

நான் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து எங்கள் வகுப்பில் ராக்கெட் பேச்சு ஓய்ந்ததே இல்லை. சென்ற ஆண்டு பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "கவணில் கல்லைச் சுழற்றி எறிகிறோமே சார், அதுபோல் செயற்கைக்கோளைச் சுழற்றி எறிந்தால் என்ன? எரிபொருள் மிச்சம்தானே?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் கேட்டதைத்தான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஸ்பின்லாஞ்ச் என்ற நிறுவனம் செய்து பார்த்தது என்று சொன்னதும் சிரிப்பு அடங்கியது. 33 மீட்டர் விட்டத்தில் வட்டமான ஓர் அறை, உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நீண்ட கை ஒன்றால் எறிபொருளைச் சுழற்றி எறிந்தார்கள். 2021 அக்டோபரில் தொடங்கி ஓராண்டுக்குள் பத்து முறை எறிந்தார்கள்.

அன்று கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நூறு மீட்டர் விட்டமுள்ள அறை, விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், சுழலும் பொருள்மீது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு விசை விழுகிறது. 200 கிராம் கைப்பேசி 1,600 கிலோவாகக் கனக்கும். மனிதனை இதில் ஏற்றுவது நடக்காத காரியம். ஆனால் கெட்டியாகச் செய்த மின்னணுக் கருவியை ஏற்றலாம்.

இந்த ஆசைக்கு ஏன் அடித்தளம் இருக்கிறது என்றால், ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமக்க வேண்டியிருக்கிறது. நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 320 டன் எடையோடு கிளம்பி, துருவங்களை ஒட்டிப் பூமியைச் சுற்றும் சூரிய ஒத்திசைவுப் பாதையில் சுமார் 1,750 கிலோவைக் கொண்டுபோய் விடுகிறது. மீதியெல்லாம் எரிந்தும் கழன்றும் போகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தபின் வேறு வழி உண்டா என்று யோசிக்காமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு.

இந்த யோசனைகளில் என் மனத்தை விட்டு அகலாதது பார்படோஸ் தீவின் பீரங்கி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் ஜெரால்ட் புல் என்ற பொறியாளரும் 1960களில் நடத்திய 'ஹார்ப்' திட்டம் அது. அமெரிக்கக் கடற்படையின் பழைய 16 அங்குலப் பீரங்கியை வாங்கி, குழலின் உட்புற வரிகளைக் கடைந்து வழவழப்பாக்கினார்கள். பிறகு இன்னொரு குழலை அதன் வாயோடு பற்றவைத்து, 36 மீட்டர் நீளத்துக்குக் கடலை நோக்கி நிமிர்த்தினார்கள். குழலைவிட ஒல்லியான அம்பு வடிவ எறிபொருளைச் சுற்றி மரத்தாலான உறை. வெளியே வந்ததும் உறை பிளந்து விழ, அம்பு மட்டும் மேலே போகும். உச்சியில் அது ஒளிரும் புகையைக் கசியவிடும். அந்தப் புகைத்தடம் காற்றில் எப்படி வளைகிறது என்பதை அக்கம்பக்கத் தீவுகளிலிருந்து படமெடுத்து, மேல்வளிமண்டலக் காற்றின் வேகத்தை அளந்தார்கள். 1966 நவம்பரில் அரிசோனாவின் யூமாவிலிருந்த இதே வகைப் பீரங்கி, 84 கிலோ எறிபொருளை 180 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. விண்வெளியின் எல்லை 100 கிலோமீட்டர் என்று வைத்தால், அதைத் தாண்டி ஏறக்குறைய இன்னொரு பங்கு.

அப்படியானால் ஏன் செயற்கைக்கோள் போகவில்லை? பலரும் தடுமாறும் இடம் இதுதான். உயரம் பெரிய காரியமில்லை; வேகம்தான் காரியம். ஒரு கிலோவை 180 கிலோமீட்டர் தூக்க ஏறத்தாழ 1.7 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிலோ கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால் விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கன்னியாகுமரியில் கிளம்பி ஒன்றரை நிமிடத்தில் சென்னை சேரும் வேகம். அதற்கு 30 மெகாஜூல், அதாவது பதினெட்டு மடங்கு. போதாததற்கு, தரையிலிருந்து எறிந்த பொருளின் பாதை மறுபடி தரையைத்தான் தொடும். மேலே போனபிறகு ஒரு சிறு ராக்கெட் பக்கவாட்டில் தள்ளினால்தான் அது சுற்றுப்பாதையில் நிற்கும். புல்லின் குழுவுக்கு இது தெரியும். மார்ட்லெட் 4 என்று, பீரங்கியிலிருந்தே கிளம்பும் பல அடுக்கு ராக்கெட்டை வரைந்து வைத்திருந்தார்கள். 1967இல் பணம் நின்றது. அது பறக்கவே இல்லை.

புல்லின் பிற்காலத்தை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. பீரங்கி விற்பவராகி, தடையை மீறித் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் அனுப்பியதற்காகச் சிறை சென்று, கடைசியில் சதாம் உசேனின் ஈராக்குக்கு ராட்சதப் பீரங்கி கட்டிக்கொண்டிருந்தபோது, 1990 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வானத்தின் காற்றை அளந்த கை அது. அந்தப் பாதையை அவரே தேர்ந்தெடுத்தார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

ராக்கெட்டையே ஒரு காலத்தில் எள்ளி நகையாடவில்லையா என்ற வாதத்தை இங்கே யாராவது கொண்டுவருவார்கள். அதை நான் ஏற்பதில்லை. எள்ளப்பட்டவர்களில் நிறையப் பேர் உண்மையிலேயே தப்புக்கணக்குதான் போட்டிருந்தார்கள். நான் பார்ப்பது வேறு: இந்த யோசனையைச் சிறு சிறு துண்டாகச் சோதிக்க முடியுமா, தோற்றுப்போனால் கையில் என்ன மிஞ்சும்? ஹார்ப் தோற்றது, காற்றின் அளவீடுகள் மிஞ்சின. பிரிட்டனில் ரியாக்ஷன் என்ஜின்ஸ் நிறுவனம், ஓடுபாதையிலிருந்து கிளம்பி விண்வெளிக்கே போகும் விமானம் செய்யப் பல பத்தாண்டு உழைத்து, 2024 அக்டோபரில் திவால் நிலைக்குப் போனது. விமானம் வரவில்லை. ஆனால் ஆயிரம் டிகிரி வெப்பக் காற்றை விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் குளிரவைக்கும் கருவியை 2019இல் சோதனையில் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் டி.சி.எக்ஸ். என்ற கூம்பு ராக்கெட் 1993இல் எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, தன் நெருப்பின்மீதே நின்று இறங்கியது. 1996இல் ஒரு கால் விரியாமல் சாய்ந்து எரிந்தது; திட்டமும் முடிந்தது. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் கீழடுக்கு நிமிர்ந்து இறங்கியபோது எனக்கு அந்தக் கூம்புதான் நினைவுக்கு வந்தது. இஸ்ரோவும் 2016 ஆகஸ்டில், காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கும் ஸ்கிராம்ஜெட் என்ஜினை ஐந்து விநாடி மட்டும் எரியவைத்துப் பார்த்தது. ஐந்தே விநாடி. சரியான அளவு என்பேன்.

பூமியிலிருந்து விண்வெளிவரை கயிறு கட்டி அதைப் பிடித்து ஏறும் லிஃப்ட் யோசனைக்கு 35,786 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறு வேண்டும். அந்தப் பலமுள்ள இழை இன்று இல்லை. இழையை ஆராயட்டும், லிஃப்டுக்கு டிக்கெட் விற்க வேண்டாம். அணுகுண்டுகளை அடுத்தடுத்து வெடித்துக் விண்கப்பலைத் தள்ளும் ஓரியன் என்ற பழைய அமெரிக்கத் திட்டத்துக்கு மட்டும் என் பதில் திட்டவட்டமான 'வேண்டாம்'. கணக்கு சரியாக இருந்தாலும், தரையிலிருந்து கிளப்பினால் கதிரியக்கத் தூசு விழுவது அதில் ஏறாதவர்கள் தலையில். வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுவெடிச் சோதனையைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதற்கு முட்டுக்கட்டை போட்டது நல்லதே.

கவண் பற்றிக் கேட்ட மாணவன் இரண்டு வாரம் கழித்து எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டையோடு வந்தான். அப்பாவின் ஃபைபர் படகில் ஓட்டை அடைக்க வைத்திருந்த ரெசினை ஊற்றி, ஒரு பொத்தான் பேட்டரியையும் சின்ன எல்.இ.டி. விளக்கையும் உள்ளே உறைய வைத்திருந்தான். முதல் உருண்டையில் கம்பி விட்டுப்போய் விளக்கு அணைந்துவிட்டதாம். இதில் பற்றவைத்திருக்கிறேன் என்றான். மைதானத்தில் எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கவணில் வைத்து நாலு சுற்றுச் சுற்றிப் பழைய மதில்மேல் எறிந்தான். காரை பெயர்ந்தது. ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தான். ஒரு பக்கம் சில்லு தெறித்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.