மனோன் லெஸ்கோ பத்தி கேளுங்க, படிச்சவன் சொல்றேன்

கே: அண்ணே, கதை என்னன்னு நாலு வரில சொல்லுங்களேன்.

ப: 1731ல அபே ப்ரெவோ எழுதுன பிரெஞ்சு நாவல். தெ க்ரியோன்னு 17 வயசுப் பையன், பெரிய இடத்துப் புள்ள, படிப்ப முடிச்சு ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஆமியான்ங்கிற ஊர்ல கோச்சு வண்டிலேர்ந்து ஒரு பொண்ணு இறங்குறத பாக்குறான், அவதான் மனோன், அவள கன்னிமடத்துல சேக்க அனுப்பியிருக்காங்க, மறுநாள் விடியக்காலைல ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. அங்க ஆரம்பிச்ச சறுக்கல்தான்.

கே: மனோன் உண்மையா லவ் பண்ணாளா? எனக்கு அவ மேல செம கோவம்.

ப: எனக்கும் மொத தடவை அப்படித்தான் இருந்துச்சு. ஆனா கதைய சொல்றது முழுக்க அவன், அவ பேச்சு கூட அவன் வாய் வழியாத்தான் நமக்கு வருது. அப்புறம் காசு கணக்க பாருங்க. பாரிஸ் பக்கத்துல ஷாயோங்கிற ஊர்ல இருக்கப்ப கைல 60,000 ஃப்ராங்க், வருஷம் 6,000ன்னு பத்து வருஷம் ஓட்டலாம்னு பிளான் போடுறான், வீடு தீப்பிடிச்சு பெட்டியே காணோம். சீட்டுல ஏமாத்தி மறுபடி சேத்தா வேலைக்காரங்க சுருட்டிட்டு போயிட்டாங்க. உடனே அவ ஒரு பணக்காரக் கிழவன்கிட்ட போறா, போறப்ப எழுதி வச்ச லெட்டர்ல, நீதான் என் உசுரு, ஆனா சோத்துக்கே இல்லாதப்ப கொஞ்சிட்டு இருக்க முடியுமாங்கிற மாதிரி கேக்குறா. எனக்கு நாவல்லயே நேர்மையான இடம் அதான்.

கே: அப்ப அவன் பாவம் இல்லையா?

ப: பாவமா! செயின்ட் லாசார் சிறைலேர்ந்து தப்பிக்கிறப்ப வேலையாள் ஒருத்தர சுட்டுக் கொன்னுட்டு, பக்கத்துல நிக்கிற பாதிரியார பாத்து "இதுக்கு நீங்கதான் காரணம்"ங்கிறான். நண்பன் திபேர்ஜ்கிட்ட கடன் மேல கடன் வேற. எது நடந்தாலும் பழி அடுத்தவன் மேலதான்.

கே: கடைசில மனோன அமெரிக்காவுக்கு நாடு கடத்திடுறாங்க, அங்க நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பாலைவனத்துல செத்துப் போறாள்னு வருதே, அங்க ஏது பாலைவனம்?

ப: கிடையாது, அது சதுப்பு நிலம். ஆனா பாரிஸ்லேர்ந்து பொண்ணுங்கள நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானாவுக்கு நாடு கடத்துனது நிஜமாவே 1720 வாக்குல நடந்ததுதான். கடைசில மணல்ல அவளுக்குக் குழி தோண்ட தன் வாளையே ஒடைக்கிறான் பாருங்க, அதுவும் சரிப்படல, வெறுங்கைதான் உதவுச்சுன்னு சொல்றான். அங்க மட்டும் அவன் மேல எனக்கு கோவம் வரல.

கே: இந்தக் கதைய பாட்டு நாடகமா போடுற ஆபரா பாத்தா போதுமா?

ப: போதாது தம்பி. மஸ்னேவோட 1884 ஆபரால அவ கப்பலே ஏறல, லெ ஆவ்ர் துறைமுகத்துக்குப் போற வழிலயே செத்துடுறா. புச்சினி 1893ல அமெரிக்கா வரைக்கும் கூட்டிட்டுப் போறார். புக் சின்னதுதான், ரெண்டு ராத்திரி போதும்.