நன்கொடை கேட்பதும் கணக்குச் சொல்வதும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வங்கி வேலையை விட்டுவிட்டு, சென்னையில் இலாப நோக்கமின்றி இயங்கும் ஒரு செய்தி ஊடகத்தில் நன்கொடையாளர் உறவுப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். முதியோர் இல்லத்துக்கும் அன்னதானத்துக்கும் மனமுவந்து கொடுப்பவர்கள், செய்திக்கு எதற்கு நன்கொடை என்று கேட்கிறார்கள். அமெரிக்கப் பொது வானொலிகளைப் போல நேயர்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டுவது இங்கே நடக்குமா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பிறந்தநாளுக்கோ திதிக்கோ ஓர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறவர், அந்தப் பணம் யாருடைய இலையில் சோறானது என்பதை நேரிலேயே பார்த்துவிடுகிறார். செய்தியில் அப்படிக் கண்ணால் காணும் பொருள் ஏதும் இல்லை. ஆகவே "சுதந்திர ஊடகத்தை ஆதரியுங்கள்" என்ற பொதுவான வேண்டுகோள் அவர் மனத்தைத் தொடுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அதைப் போன்ற ஒன்றைத் தொடர்ந்து எழுத ஒரு செய்தியாளர் எத்தனை நாள் மீனவக் குடும்பங்களிடையே இருக்க வேண்டும், வண்டிச் செலவு என்ன, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எத்தனை மனுக்கள் போட வேண்டும், வெளியிடும் முன் வழக்கறிஞர் படித்துப் பார்க்க எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். தம் பணம் எந்தச் செலவுக்குப் போகிறது என்று தெரிந்தவர் கொடுக்கத் தயங்குவது குறைவு.

அமெரிக்க முன்மாதிரியை முழுமையாகப் பாருங்கள். அங்கே நேயர்களின் நன்கொடையோடு அரசுப் பணமும் இருந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொது ஒலிபரப்புக் கழகம் அதை உள்ளூர் நிலையங்களுக்குப் பகிர்ந்தளித்து வந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கான சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்தது. அடுத்த மாதமே அந்தக் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. அரசுப் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்த சிற்றூர் நிலையங்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ஒரே கையை நம்பியிருந்தால் அது விலகும்போது எல்லாமே ஆட்டம் காணும். மாதம் 200 ரூபாய் தரும் 500 பேர், ஆண்டுக்கு ஒரே காசோலையில் 12 இலட்சம் தரும் ஒருவரைவிட உங்களுக்கு மேலானவர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த 500 பேரும் இரண்டாம் ஆண்டிலும் தொடர்வது உங்கள் கையில் இருக்கிறது. ரசீதும் நன்றிக் கடிதமும் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணமே கேட்காத ஒரு கடிதம் எழுதி, என்ன செய்தீர்கள், எது இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள். வரிச்சலுகையை மட்டும் தூண்டிலாகப் பயன்படுத்தாதீர்கள்: 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு, 80ஜி என்று அறியப்படும் வருமான வரிச் சலுகை கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் அது கிடைக்காது என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் அமைப்புக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை தரும் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பற்றி நாங்கள் தயாரிக்கும் தொடரை வெளியிடும் முன் தமக்குக் காட்டச் சொல்கிறார். அவர் விலகிவிட்டால் சம்பளமே சிக்கலாகும். என்ன செய்வது?
- வாசகர், வேளச்சேரி

பதில்: காட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலம் தென்சென்னையின் மழைநீர் வடிந்து சேரும் இடம். அதைப் பற்றிய உண்மை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுமோ என்று அஞ்சும் குடும்பங்களுக்கு உரியது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பொறுத்து அது மாறக் கூடாது.

இந்தச் செய்தியை எழுதும் செய்தியாளரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். நன்கொடையாளர் கோபமாக இருக்கிறார் என்று அறிந்தவர் தம்மை அறியாமலே எழுத்தை மென்மையாக்கலாம், அல்லது தம் நேர்மையை நிரூபிக்கத் தேவைக்குமேல் கடுமையாக்கலாம். இரண்டுமே கெடுதல். இயக்குநரிடமும் அறங்காவலர்களிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு இயக்குநருடன் நேரில் போய் அந்த நன்கொடையாளரைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மறுப்பது அவரை அவமதிப்பதாகும். "ஐயா, நீங்கள் தரும் பணத்துக்குக் கடைசி ரூபாய்வரை கணக்குச் சொல்வது எங்கள் கடமை. ஆனால் வெளிவராத செய்தியை எந்த நன்கொடையாளருக்கும் நாங்கள் காட்டுவதில்லை" என்று சொன்னால் போதும், நீண்ட விளக்கம் பேரத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

தொடரில் அவருடைய நிறுவனமே இடம்பெற்றால், செய்தியாளர் அவரிடம் கேள்விகளை அனுப்பி விளக்கம் பெற்று வெளியிட வேண்டும். அது செய்தியில் பேசப்படும் எவருக்கும் உள்ள உரிமை. அதற்கும் நன்கொடைக்கும் தொடர்பில்லை. அவர் உங்கள் அமைப்புக்குப் பணம் தருபவர் என்ற குறிப்பையும் தொடரோடு சேர்த்து வெளியிடுங்கள். அதன் பிறகும் அவர் விலகினால், செலவாகாத தொகையைத் திருப்பித் தர வழி உண்டா என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

சம்பளம் பற்றிய உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரே மனிதரின் விலகல் சம்பளத்தை நிறுத்தும் நிலை வந்ததற்குக் காரணம், பலரிடம் சிறிது சிறிதாகப் பெறும் வேலை தள்ளிப்போடப்பட்டதே. மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து பெறுவதில்லை என்று அறங்காவலர்கள் இப்போதே தீர்மானம் எழுதட்டும். முன்கூட்டிக் காட்டுவதில்லை என்ற விதியையும் முதல் ரசீதுடனேயே இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலி விளம்பரமும் வாங்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வாங்கலாம். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிடமாக உயர்த்தப்பட்டதும், அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானதும் 2024 பிப்ரவரியில் நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில்தான் அறிவிக்கப்பட்டன.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், நான் தன்னார்வலராக உழைக்கும் செய்தி ஊடகத்துக்குப் பணம் அனுப்ப விரும்புகிறான். அனுப்பலாமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: அவர் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அம்மா. இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கடவுச்சீட்டின் நகலை அமைப்பு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், ஒலி, ஒளி வடிவில் செய்திகளையும் நடப்பு விவகார நிகழ்ச்சிகளையும் தயாரிக்கும் அமைப்புகள் அத்தகைய பணத்தைப் பெறுவதைத் தடை செய்கிறது. பதிவுபெற்ற நாளிதழ்களின் உரிமையாளர், ஆசிரியர் முதலியோருக்கும் அதே தடை உண்டு. மகன் உங்கள் கணக்குக்கு அனுப்ப, நீங்கள் அமைப்புக்குக் கொடுப்பது என்ற யோசனையும் வேண்டாம். இடையில் ஒருவர் கை மாறினாலும் அதை வெளிநாட்டு நன்கொடையாகவே சட்டம் பார்க்கிறது. உங்கள் ஓய்வூதியத்திலிருந்து நீங்களே மாதம் ஒரு சிறு தொகை கொடுக்க எந்தத் தடையும் இல்லை. பான் எண்ணைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.