அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே உள்ள சொத்து இடைவெளியைக் குறைக்க நகர நிர்வாகங்களால் என்ன செய்ய முடியும்?

முழுசாகக் குறைக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிற குடும்பத்தின் நிகரச் சொத்து ஏறக்குறைய 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களில் அதுவே 45,000. இவ்வளவு பணத்துக்கு எந்த மேயர் எங்கே போவார்? ஆனால் நகரமே அந்த மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தலாம். நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான்.

டெட்ராய்ட்டைப் பாருங்கள், ஐந்து பேரில் நான்கு பேர் வரை கறுப்பினத்தவர். வரி போடுவதற்கான மதிப்பு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்று மிச்சிகன் மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 2008க்குப் பிறகு வீட்டு விலை அதலபாதாளத்துக்குப் போனது, நகர நிர்வாகமோ மதிப்பை அதற்கேற்பக் குறைக்கவில்லை. 2010 முதல் 2016 வரை குறைந்தது 60 கோடி டாலர் கூடுதல் வரி போட்டிருக்கிறார்கள் என்று டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை 2020இல் கணக்குப் போட்டுக் காட்டியது. விலை குறைந்த வீடுகளுக்குத்தான் அடி பலம். மூன்று வருடம் வரி பாக்கி இருந்தால் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் வீட்டை ஏலம் விட்டுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு வீட்டு வரி விலக்கு சட்டப்படி ஏற்கெனவே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் விண்ணப்பம் பெரிய தலைவலி, வழக்கு போட்டு 2018இல் சமரசம் ஆன பிறகுதான் அது கொஞ்சம் சுலபமானது.

நான் சிகாகோ புறநகரில் இருக்கிறேன். இங்கே நம்ம ஆட்கள் நான்கு பேர் கூடினால் வீட்டு வரி மேல்முறையீடு பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. நானும் செய்து குறைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் அந்தச் சுமை மேல்முறையீடு செய்யாதவர்கள் தலையில்தான் விழும். அதனால் மதிப்பீட்டை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், தகுதியுள்ளவருக்கு விலக்கை நிர்வாகமே தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். பெரிய செலவு இல்லை.

அடுத்தது பத்திரம். பிலடெல்பியாவில் 10,000க்கும் அதிகமான வீடுகள் இறந்துபோனவர்கள் பெயரிலேயே, அல்லது வேறு சிக்கலோடு கிடப்பதாகப் பியூ என்ற ஆய்வு அமைப்பு 2021இல் சொன்னது, மொத்த மதிப்பு 110 கோடி டாலருக்கு மேல். பாட்டி வீட்டில்தான் பேரன் இருக்கிறான், ஆனால் பெயர் மாறாததால் பழுதுபார்க்கக் கடன் கிடையாது, விற்கவும் முடியாது. (வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) நகரம் வக்கீல் செலவை ஏற்றுக்கொண்டாலே இருக்கிற சொத்து கையில் நிற்கும்.

நேரடியாகப் பணம் கொடுப்பதும் நடக்கிறது. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன், கஞ்சா விற்பனை வரியிலிருந்து நிதி ஒதுக்கி, 1919 முதல் 1969 வரை அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் தலா 25,000 டாலர் என்று 2021இல் முடிவெடுத்தது. முதலில் வீட்டுச் செலவுக்கு மட்டும், பிறகு ரொக்கமாகவும். துணிச்சலான வேலைதான், ஆனால் சின்ன ஊர், பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, 2024இல் வழக்கும் வந்துவிட்டது.

ஒப்பந்தங்களைப் பங்கிடுவது பழைய வழி. அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன் 1970களில் விமான நிலைய விரிவாக்கத்தில் கால் பங்கு வேலை சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார், முனையம் 1980இல் திறந்தும் விட்டது. அதில் பணக்காரரான ஒப்பந்தக்காரர்கள் உண்டு, ஆனால் கலவை சுமந்த தொழிலாளிக்கு அதனால் வீடு வரவில்லை. விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம் இதே மாதிரி ஒப்பந்த வேலையில் 30 சதவீதம் ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் 1989இல் ரத்து செய்தபின், இனத்தை வைத்து ஒதுக்கினால் அந்த ஊரில் பாகுபாடு நடந்ததற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். வீட்டு வரியை ஒழுங்காகப் போடுவதற்கு அந்தத் தொல்லையும் இல்லை.